ஸைத்தூன் துவையலும் அண்டை வீட்டுப் பங்கும்

 



ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில், வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளையின் பெட்டியைத் திறந்தால் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கும். அதனுள் உப்புநீரில் ஊறிய பச்சை நிறக் காய்கள். சிலருடைய பெட்டியில் கறுப்பு நிறக் காய்கள். அதுதான் ஸைத்தூன். கிறிஸ்தவ அன்பர்கள் ஒலிவம் என்பர். கடைகளில் ஆலிவ் என்பர்.

அந்தப் புட்டிக்கு நம் வீடுகளில் நேர்வது என்ன? ஒரு வீட்டில் அது மருந்தாகி அலமாரிக்குள் போய்விடுகிறது. இன்னொரு வீட்டில் விருந்தாளியின் கண்ணில் படும் இடத்தில் அலங்காரமாக நிற்கிறது. இவ்விரண்டுக்கும் வசதியில்லாத மூன்றாவது வீட்டிலோ, நபிவழியில் ஒன்று நம் கைக்கு எட்டாமல் போய்விட்டதே என்று ஒரு தாய் வருந்துகிறார். விலை அதிகமான பொருளை வாங்க முடியாதவருக்கு மார்க்கத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு ஸைத்தூனின் வரலாறே விடை சொல்கிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இறைமறையில் ஸைத்தூன்

திருக்குர்ஆனில் ஸைத்தூன் பெயர் கூறப்பட்டு ஆறு இடங்களில் வருகிறது. பெயர் கூறப்படாமல் ஓர் இடத்தில் சுட்டப்படுகிறது. அத்தீன் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அத்தியின் மீதும் ஸைத்தூனின் மீதும் அல்லாஹ் சத்தியம் செய்கிறான் (95:1). அன்னூர் அத்தியாயத்தில் தன் ஒளிக்குக் கூறும் உவமையில், கிழக்குக்கோ மேற்குக்கோ மட்டும் உரியதல்லாத ஒரு பாக்கியம் பெற்ற மரத்தையும், நெருப்புத் தீண்டாமலேயே ஒளிர முனையும் அதன் எண்ணெயையும் குறிப்பிடுகின்றான் (24:35).

பெயர் கூறாமல் சுட்டும் இடம் அல்முஃமினூன் அத்தியாயத்தில் உள்ளது (23:20). ஸினாய் மலைப்பகுதியில் விளையும் மரம் என்று கூறி, அது இரண்டு பொருள்களைத் தருவதாக இறைவன் அங்கே சொல்கின்றான். ஒன்று எண்ணெய். மற்றொன்றை 'ஸிப்ஃக்' என்னும் சொல்லால் குறிக்கின்றான். ரொட்டியை எதில் தோய்த்து, எதைத் தொட்டு உண்கிறோமோ அதற்கு அந்தப் பெயர். நம் மொழியில் தொடுகறி எனலாம். இறைவன் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் இடத்தில், எளிய மனிதனின் ரொட்டிக்குத் துணையாகும் தொடுகறிக்கும் இடமளித்திருக்கின்றான் என்பதைக் கவனியுங்கள்.

அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:141) பேரீச்சை, பயிர்கள், ஸைத்தூன், மாதுளை ஆகியவற்றைக் கூறிய பின் மூன்று கட்டளைகள் வருகின்றன. விளைந்ததை உண்ணுங்கள், அறுவடை நாளில் அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பன அவை. ஸைத்தூனுக்கு ஸகாத் கடமையா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் கடமை என்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் பிந்தைய கருத்தில் கடமையில்லை என்றார்கள். சட்டத்தில் வேறுபாடு இருப்பினும், உண்பதோடு கொடுப்பதும் விரயத்தைத் தவிர்ப்பதும் ஒரே வசனத்தில் இணைந்து வருகின்றன என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரையின் இறுதிவரை இந்த மூன்றையும் நினைவில் வைத்திருங்கள்.

கசப்பை உணவாக்கிய உப்பு

ஸைத்தூன் மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தாவரவியலார் அதை நம் மல்லிகையும் பவளமல்லியும் சேர்ந்த அதே குடும்பத்தில் வைக்கின்றனர். ஆனால், மரத்திலிருந்து பறித்த காயை வாயில் வைக்க முடியாது. அத்தனை கசப்பு. 'ஒலியூரோபீன்' எனும் பொருளே அந்தக் கசப்புக்குக் காரணம். காயைக் கீறித் தண்ணீரில் இட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, பின்னர் உப்புநீரில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறவைத்தால்தான் கசப்பு நீங்கி உண்ணத் தகுந்ததாகும்.

இது நம் கடற்கரை மக்களுக்குப் புரியாத கலையா? மீந்த மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்திக் கருவாடாக்கியவர்கள் நம் முன்னோர். நார்த்தங்காயையும் மாவடுவையும் உப்பில் ஊறவைத்து ஆண்டு முழுதும் வைத்துண்டவர்கள் நம் பாட்டிமார்கள். ஷாம் தேசத்து ஏழை உழவன் ஸைத்தூனை உப்புநீரில் இட்டதும், நம் கரையின் ஏழை மீனவர் மீனை உப்பில் இட்டதும் ஒரே தேவையால்தான். கிடைக்கும் காலத்தில் சேமித்துக் கிடைக்காத காலத்தில் உண்ண வேண்டும் என்பதே அந்தத் தேவை.

ஸைத்தூனை நசுக்கித் துவையலாக்கி உண்பதும் மிகப் பழைய வழக்கமே. ரோம நாட்டைச் சேர்ந்த கேட்டோ என்பவர் கி.மு. 160 வாக்கில் உழவு பற்றி எழுதிய நூலில் அதன் செய்முறை உள்ளது. கொட்டை நீக்கிய காய்களைக் கொத்தி, எண்ணெய், காடி, கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், சதாப்பு இலை, புதினா சேர்த்துச் சாடியில் வைத்து மேலே எண்ணெய் நிற்கச் செய்வதாக அவர் கூறுகிறார். சதாப்பு இலை ஒன்றைத் தவிர்த்தால் மற்ற மணப்பொருள்கள் அனைத்தும் இன்றும் நம் அஞ்சறைப் பெட்டியிலும் காய்கறிக் கூடையிலும் இருப்பவையே!

நம் கரைக்கு வந்த சாடிகள்

வளைகுடா விமானத்தில்தான் ஸைத்தூன் முதன்முதலில் தமிழகம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றைப் பின்னாளில் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அறிஞர், பெரும்பாலானவை மதுச் சாடிகள் என்றும், சில ஸைத்தூன் எண்ணெய்ச் சாடிகள் என்றும், இன்னும் சில உப்பிட்ட மீன்சாறு வந்த சாடிகள் என்றும் இனங்கண்டார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த எண்ணெய் சோழமண்டலக் கரையில் இறங்கியிருக்கிறது. நமக்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலில் கலக்குமிடத்தை ஒட்டிய அழகன்குளத்திலும் இத்தகைய சாடித் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

பின்னர் அரபு வணிகர்களின் காலம் வந்தது. அவர்கள் நம் கரையை 'மஅபர்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். இங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் சீனத்தின் சுவான்சௌ துறைமுகம் வரை சென்றன. அவ்வூரை அரபியர் 'ஸைத்தூன்' என்றே அழைத்தனர் என்பது வியப்பான செய்தி. அங்கே 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது. அதாவது, ஸைத்தூன் எனும் பெயர் கொண்ட ஊரில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்திருக்கின்றனர்!

1340களில் மஅபருக்கு வந்து, பின்னர் சீனம் சென்றதாகக் கூறும் இப்னு பதூதா தம் பயணநூலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறார். அந்த ஊரில் ஸைத்தூன் மரம் இல்லை; சீனத்திலும் இந்தியாவிலும் எங்கும் இல்லை; அது வெறும் பெயர்தான் என்கிறார். இமயமலைச் சரிவுகளில் காட்டு ஸைத்தூன் வகை ஒன்று உண்டு. அது அவர் கண்ணில் படவில்லை போலும். ஆனால் தோப்பாக வளர்த்துப் பயன்கொள்ளும் ஸைத்தூன் இந்நாட்டில் இல்லை என்பது நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது. ராஜஸ்தானில் அரசு முயற்சியால் ஸைத்தூன் பயிரிடப்பட்டதும், பீகானிர் மாவட்டத்து லூண்கரன்சரில் 2014ஆம் ஆண்டு எண்ணெய் ஆலை திறக்கப்பட்டதும் அண்மைக் கால நிகழ்ச்சிகள்.

மேற்குத் திசையில் முஸ்லிம்கள் ஆண்ட அந்துலூசியாவில் இம்மரத்தின் சாகுபடி செழித்தது. இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண் நூலில் ஸைத்தூனைப் பற்றியும் விரித்துரைத்தார். இன்று ஸைத்தூன் எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிப்பது ஸ்பெயின் நாடு. அந்நாட்டு மொழியில் எண்ணெய்க்கு 'அஸெய்த்தே' என்றும், ஸைத்தூன் காய்க்கு 'அஸெய்த்தூனா' என்றும் பெயர். 'அஸ்ஸைத்', 'அஸ்ஸைத்தூனா' எனும் அரபுச் சொற்களே அவை. ஆட்சி போயிற்று, அடுப்படிச் சொல் நிலைத்துவிட்டது.

சாம்பல் ஆண்டில் ஒரு கலீஃபா

கண்ணியத்திற்குரியவர்களே! இதுவரை கூறியது சரக்கின் வரலாறு. இனி, அதை உண்ட ஒரு மனிதரின் வரலாற்றைக் கேளுங்கள்.

ஸைத்தூன் எண்ணெயை உண்ணுங்கள், அதை மேனியிலும் பூசிக்கொள்ளுங்கள், அது பாக்கியம் பெற்ற மரத்திலிருந்து வருவது எனும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் அதை அறிவிப்பவர்களுள் ஒருவர் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639 வாக்கில், ஹிஜாஸ் பகுதியில் மழை பொய்த்தது. நிலம் கருகிச் சாம்பல் நிறமாயிற்று. வரலாற்றாசிரியர்கள் அதை 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு என்று அழைக்கின்றனர். பசியால் வாடிய பாலைவன மக்கள் மதீனாவைச் சுற்றி வந்து தங்கினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கடிதம் எழுதி உணவுப்பொருள்களை வரவழைத்து, மக்களுக்குப் பங்கிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அரபியரின் விருப்ப உணவு நெய்யும் பாலும் இறைச்சியுமாகும். மக்களுக்கு அவை மீண்டும் கிடைக்கும் வரை தாமும் அவற்றைத் தொடுவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். ரொட்டிக்கு ஸைத்தூன் எண்ணெயையே தொட்டுக்கொண்டார்கள். அது அவர்களின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு இரைந்தது. மக்களின் பஞ்சம் தீரும்வரை உனக்கு இதுதான் என்ற பொருளில் தம் வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். செந்நிற மேனி கறுத்துப்போனது. இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலில் இச்செய்திகளைப் பதிவு செய்துள்ளார்.

ஒரு நாள் சந்தைக்கு நெய்யும் பாலும் வந்தன. பணியாளர் அதிக விலை கொடுத்து வாங்கி வந்தார். உமர் (ரலி) அவர்களோ இரண்டையும் தர்மம் செய்துவிடுமாறு கூறிவிட்டார்கள். மக்களைத் தீண்டிய துன்பம் என்னைத் தீண்டாவிட்டால் அவர்களின் நிலை எனக்கு எப்படிப் புரியும் என்பது அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம்.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஸைத்தூன் பாக்கியம் பெற்றது என்று நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிவித்தவரும், பஞ்ச காலத்தில் அதை உண்டு வயிறு நொந்தவரும் ஒருவரே. அவர்கள் அதை உண்டது உயர்ந்த பொருள் என்பதற்காக அன்று. ஊரில் எளியவருக்கும் கிடைத்த பொருள் அதுவாக இருந்தது என்பதற்காகவே. அன்று மதீனாவில் நெய் பணக்காரரின் உணவு, ஸைத்தூன் எண்ணெய் எளியவரின் உணவு. இன்று நம் ஊரில் நிலை தலைகீழ். ஏறத்தாழ 5 கிலோ காயைப் பிழிந்தால்தான் 1 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். அதுவும் கடல் கடந்து வரவேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆகவே, கடன் வாங்கியேனும் ஸைத்தூன் வாங்குவதே உமர் (ரலி) அவர்களைப் பின்பற்றுவதாகும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் இன்று நம் தெருவில் வாழ்ந்தால், தடைக்காலத்து மீனவர் வீட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் உண்டிருப்பார்கள். வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லை என்று கூறப்பட்டபோது, அதையே வரவழைத்து, நல்ல தொடுகறி என்று புகழ்ந்து உண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் (அறிவிப்பவர்: ஜாபிர் (ரலி), நூல்: முஸ்லிம்). இருப்பதைப் புகழ்ந்து உண்பதும் சுன்னத்தே. அந்தத் தாய் இழந்தது ஒன்றுமில்லை.

அலமாரியிலிருந்து அம்மிக்கு

அப்படியானால் பெட்டியில் வந்த அந்தப் புட்டியை என்ன செய்வது? அலங்காரமாக வைத்துக் காலாவதியாக விடுவது விரயம். அதை உணவாக்குங்கள். செய்முறை மிக எளிது.

கொட்டை நீக்கிய ஸைத்தூன் 200 கிராம் எடுத்து, உப்புநீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். கொட்டையுள்ள காயாக இருந்தால் குழவியால் இலேசாக அழுத்தினால் கொட்டை கழன்றுவிடும். இரண்டு பல் பூண்டு, வறுத்த சீரகம் அரைத் தேக்கரண்டி, ஒரு பிடி கொத்தமல்லித் தழை அல்லது புதினா இவற்றை முதலில் அம்மியில் நசுக்குங்கள். பிறகு ஸைத்தூனைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரை எலுமிச்சம்பழச் சாறு அல்லது ஒரு தேக்கரண்டி காடி, இரண்டு மேசைக்கரண்டி ஸைத்தூன் எண்ணெய் விட்டுக் கலந்தால் துவையல் ஆயத்தம். மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டு விட்டு ஓட்டுங்கள், கூழாகிவிடக் கூடாது. உப்புச் சேர்க்கவே வேண்டாம்; காயிலேயே போதுமான உப்பு உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்ணட்டும். கோதுமை ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் இது பொருத்தமான தொடுகறி.

இரண்டு எச்சரிக்கைகள். பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடப்பதால் இந்தத் துவையலை வெளியில் வைக்காதீர்கள். நச்சுக் கிருமி வளரக்கூடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் உண்டு முடியுங்கள். இரண்டாவதாக, எண்ணெய் வாங்கும்போது புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது காயிலிருந்து நேரடியாகப் பிழிந்த எண்ணெய். 'பொமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலைக்கு விற்பவர், ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நினைத்துப் பார்க்கட்டும்.

அண்டை வீட்டுப் பங்கு

இப்போது தொடக்கத்தில் கண்ட மூன்று கட்டளைகளுக்கு வருவோம். உண்ணுவது ஆயிற்று. விரயத்தைத் தவிர்த்தாயிற்று. நடுவிலுள்ள 'கொடுங்கள்' என்பது எங்கே?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருக வேண்டும் என்பதற்கான தடை அது. 2017க்கு முன் 45 நாட்களாக இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு ஒருவேளை மட்டும் எரிகிறது என்பதை அண்டை வீட்டார் அறிவர். எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கையில் சிறைவைக்கப்பட்ட மீனவரின் வீட்டுக்குத் தடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. அவர் திரும்பும் வரை ஒவ்வொரு நாளும் தடைக்காலமே. அந்த வீட்டார் நம் மார்க்கத்தவரா, பிற சமயத்தவரா என்று கேட்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் எனும் உரிமை அனைவருக்கும் உண்டு.

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (நூல்: முஸ்லிம்). உங்கள் அம்மியில் அரைத்த துவையலில் ஒரு கிண்ணமும் நான்கு ரொட்டியும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். ஸைத்தூன் இல்லையா? கருவாட்டுக் குழம்பு போகட்டும். அதுவும் பாக்கியமே.

இன்னொரு அண்டை வீடும் நமக்கு உண்டு. நபிமார்கள் பலர் வாழ்ந்த பைத்துல் முகத்தஸ் பூமி அது. மஸ்ஜிதுல் அக்ஸா வளாகத்திலேயே ஸைத்தூன் மரங்கள் நிற்கின்றன. பாலஸ்தீனக் குடும்பங்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரியோரும் சிறியோருமாகத் தோப்புக்குச் சென்று காய் பறிப்பது தலைமுறை வழக்கம். மேற்குக் கரையில் அந்த மரங்கள் வெட்டப்படுவதையும், உழவர்கள் தாக்கப்படுவதையும், தம் தோப்புக்கே செல்லவிடாமல் தடுக்கப்படுவதையும் ஐ.நா. அமைப்புகள் ஆண்டுதோறும் பதிவு செய்து வருகின்றன. நட்ட மரம் பலன் தர ஆண்டுகள் ஆகும்; வெட்டச் சில நொடிகள் போதும்.

பைத்துல் முகத்தஸ் சென்று தொழ இயலாதவர் என்ன செய்வது என்று மைமூனா (ரலி) எனும் பெண்மணி கேட்டபோது, அங்குள்ள விளக்குகளுக்கு எரிக்க எண்ணெய் அனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு இருப்பினும், அதிலுள்ள பாடம் தெளிவானது. சென்று சேர முடியாதவரும் எதையாவது கொடுத்துச் சேர முடியும். நம்மால் எண்ணெய் அனுப்ப முடியாது. துஆவை அனுப்பலாம். அடுத்த முறை ஸைத்தூன் ஒன்றை வாயில் இடும்போது, அதைப் பறிக்கவிடாமல் தடுக்கப்பட்ட கைகளை நினைத்து ஒரு துஆ கேளுங்கள்.

உண்பதில் நன்றியையும், கொடுப்பதில் தாராளத்தையும், செலவில் நடுநிலையையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! கடலுக்குச் செல்லும் நம் சகோதரர்களை நலமுடன் கரை சேர்ப்பானாக! ஒடுக்கப்பட்டோரின் தோப்புகளையும் வீடுகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.